யாளிக்கு அடியில்

ஜூன் 4

இன்று என் முதுகைக் கொடுக்கச் சம்மதித்தேன். சம்மதித்தேன் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இந்த முதுகைக் கேட்டு வாங்கும் வழக்கம் இந்த வீட்டில் இருந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் தவசீலன் பச்சை குத்தப் பழகியது இதில்தான். முதலில் கசாப்புக் கடையிலிருந்து பன்றித் தோல் வாங்கி வந்து குத்திப் பார்த்தார். வீடு நாறியது. அதற்குப் பிறகு நான் குப்புறப் படுத்தேன்.

அதற்கு முன்னால் அவர் சுவரிலும் பலகையிலும் எழுத்து எழுதிக்கொண்டிருந்தவர். பிளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பைத் தின்றுவிட்டது. மதுரைக்குப் போய் மெஷின் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தார். இப்போது பாளையங்கோட்டையில் சொந்தக் கடை. கடை என்று சொன்னால் முகம் சுருங்கும், ஸ்டுடியோ என்று சொல்ல வேண்டும். வருகிறவர்களை உட்கார வைப்பது, ஊசிப் பாக்கெட் எடுத்து வைப்பது, படத்தைப் படி எடுப்பது, தரை துடைப்பது எல்லாம் நான்.

ஆகஸ்டுக் கடைசியில் சென்னையில் பச்சை குத்துபவர்களின் மாநாடு நடக்கிறது, போட்டியும் உண்டு. அதில் கவர்-அப் என்று ஒரு பிரிவு. பழைய மோசமான படத்தின் மேல் புதுப்படம் குத்தி, பழையதன் சுவடே தெரியாமல் ஆக்க வேண்டும். பழையது எவ்வளவு கேவலமோ அவ்வளவு பெருமை.

"ஒன் முதுகை விட மோசமா தமிழ்நாட்டுல எங்க கெடைக்கும், சொல்லு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"எல்லாத்தையும் மூடிக்கிடுங்க. கீழ எடது பக்கம் இருக்கதை மட்டும் தொடக்கூடாது."

"அதைப் போய்த் தொடுவனா" என்றார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், தட்டைப் பார்த்து.

ஜூன் 5

குளித்துவிட்டு இரண்டு கண்ணாடி வைத்து முதுகைப் பார்த்தேன். பீரோவில் ஒன்று, கையில் ஒன்று. கழுத்தை எவ்வளவு முறுக்கினாலும் பாதிதான் தெரிகிறது. முட்டைக்கோஸ் மாதிரி ஒரு ரோஜா. ஒரு சிறகு பெரிதும் ஒரு சிறகு சிறிதுமாகப் பட்டாம்பூச்சி. மீன் என்று அவர் சொல்லிக்கொள்ளும் ஒன்று. அவர் பெயரின் முதல் எழுத்து அங்கங்கே, ஒவ்வொன்றும் வேறு ஆள் எழுதியது போல. கீழே இடது பக்கம் இருப்பது கண்ணாடியில் ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. விரலை வளைத்துக் கொண்டுபோனால் தொட முடியும். ஊசி ஆழமாக இறங்கிவிட்ட இடம், தோல் கொஞ்சம் தடித்திருக்கும்.

அது எங்கள் பிள்ளையின் கால்கள். எழுதிவிட்டேன்.

பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. ஒன்பது வருடம் ஆகிறது. முகத்தை எனக்குக் காட்டவில்லை, காட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். பெயரும் கிடையாது. அவரும் அவருடைய சித்தப்பாவும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து தலைக்குக் குளித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்சு, அந்தப் புண்ணியவதி, உள்ளங்கால் இரண்டிலும் மை தடவி ஒரு தாளில் பதித்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அவர் மதுரையில் கற்றுக்கொண்டு வந்ததும், நான் விரித்துப் பார்க்கத் துணியாமல் மடித்தே வைத்திருந்த அந்தத் தாளைக் கொடுத்துத்தான் குத்தச் சொன்னேன். அப்போது அவருக்குத் தொழில் அரைகுறை. தாளைப் பார்த்து ஒரு படி எடுத்து, அந்தப் படியைத்தான் ஈரத் தோலில் ஒட்ட வேண்டும். அவர் நர்சு கொடுத்த தாளையே ஒட்டிவிட்டார். மை கரைந்தது, தாள் கூழாகிப் போனது. தோலில் மங்கலாக ஒட்டிக்கொண்ட தடத்தின் மேலேயே அவசர அவசரமாகக் குத்தினார். ஊசி தேவைக்கு மேல் இறங்கியது முதுகில் தெரிந்தது. கோடு பரந்துவிட்டது. ஆனாலும் விரல்களை எண்ண முடியும் என்று அப்போது அவர்தான் சொன்னார்.

ஏன் முதுகில் என்றால், அவர் அம்மா எங்களோடுதான் இருக்கிறார், அத்தை கண்ணில் எந்நேரமும் படக்கூடாது. கையில் இருந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அவ்வளவுதான்.

ஜூன் 9

படம் முடிவாகிவிட்டது. யாளி. கோயில் தூணில் பின்னங்காலில் எழுந்து நிற்குமே, அது. முதுகு முழுக்க வரும். மயிலும் தாமரையும் குத்தி நடுவர்களுக்குச் சலித்துப் போயிருக்குமாம், யாளி என்றால் நம் ஊர்ச் சரக்கு, பிடரி மயிரும் செதிலுமாகக் கறுப்புக்குக் குறைவே இருக்காது. கவர்-அப்புக்குக் கறுப்பு வேண்டும். பழையதை விடப் பெரியதும் கறுத்ததும்தான் பழையதை விழுங்கும்.

தாளில் வரைந்ததை எனக்குக் காட்டினார். நன்றாகவே வரைந்திருக்கிறார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பற்கள், தும்பிக்கை, உருண்ட கண். கால் தூக்கி நிற்கிற இடத்தில் கீழே இடது பக்கம் வெற்றிடம் விட்டிருந்தார்.

"இங்ஙனயா?" என்றேன்.

"அங்ஙனதான். சுத்திக் கொடி மாதிரி விட்டுருவேன்."

மாவு தீர்ந்துவிட்டது. அரிசி ஊறப் போட வேண்டும்.

ஜூன் 11

பழைய முதுகைப் படம் எடுத்தார். போட்டிக்கு முந்தைய படம் கட்டாயமாம். பின்னால் கறுப்புத் துணி கட்டி, விளக்கைச் சாய்த்து வைத்தார். சாய்த்து வைத்தால் மேடு பள்ளம் எல்லாம் எடுத்துக் காட்டும். "கொஞ்சம் குனி. இன்னும் அசிங்கமா தெரியணும்" என்றார். குனிந்தேன்.

ஜூன் 15

முதல் உட்கார்வு, ஒரு தடவை குத்துவதற்கு அவர்கள் சொல்லும் பெயர். காலை டிபனுக்குப் பிறகு தொடங்கி விளக்கு வைக்கிற நேரம்வரை. இன்று கோடுகள் மட்டும். தோள்பட்டை எலும்பின் மேல் ஓடும்போது பல்லில் தெரிகிறது வலி.

இனிமேல் முதுகைப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாநாட்டு மேடையில்தான் முதன்முதலாகப் பார்க்க வேண்டும், அதை வீடியோ எடுப்பார்கள். அது அவர்கள் தொழிலில் ஒரு சடங்கு மாதிரி. குத்திக்கொண்டவள் கண்ணாடியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், கண் கலங்க வேண்டும். நானே எத்தனையோ பேருக்கு அந்த வீடியோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பீரோக் கண்ணாடியில் போர்வையைப் போட்டு மூடிவிட்டார். சாவு வீட்டில் மூடுகிற மாதிரி இருக்கிறது என்று அத்தை முணுமுணுத்தார்.

ஜூன் 16

குப்புறப் படுத்தே சாப்பிட்டேன்.

ஜூன் 21

முதுகு கழுவி மருந்து போடுவது அத்தையின் வேலையாகிவிட்டது. எனக்குக் கை எட்டாது, அவருக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற கை, மெதுவான கை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"என்னட்டி இது, பூதம் மாதிரி ஒண்ணை இழுத்து வச்சிருக்கான். எங்களுக்கெல்லாம் பச்சை குத்துறவ வாசல்ல வந்து ஒக்காருவா. ரெண்டு தேள், ஒரு கோலம், நாலு புள்ளி. அவ பாடுத பாட்டுல வலி தெரியாது. இவன் என்னடான்னா கரண்டு போட்டுக் குத்துதான்."

அத்தையின் முழங்கையில் அந்தத் தேள் இன்னும் இருக்கிறது, தோல் சுருங்கியதில் வால் மடிந்துவிட்டது. "செத்தா கம்மலைக் கழட்டிருவாவ, தாலிய எப்பவோ கழட்டியாச்சு. இதைக் கழட்ட முடியாதுலா" என்று தடவிக் காட்டினார்.

அத்தையோடு எனக்கு ஒத்துப்போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பிள்ளையைப் பற்றி இந்த வீட்டில் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவர் இவர்தான். ஆனாலும் முதுகில் அந்தக் கை பட்டால் தூக்கம் வருகிறது.

ஜூலை 3

இரண்டாவது உட்கார்வு. பிடரி. ரோஜா போய்விட்டது, பட்டாம்பூச்சியும் போய்விட்டதாம். போகட்டும்.

நடுவில் வேலைக்காக என்னை எழுப்பிவிட்டார். மூன்று பையன்கள் வந்தார்கள், ஒரே சாதித் தலைவரின் முகம் மூன்று பேர் கையிலும் வேண்டும். மீசை மட்டும் பெரிதாக இருக்க வேண்டுமாம். இவர் கேட்டபடியே குத்தி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு பெண், இன்ஸ்பெக்டர் வேலைக்குப் படிக்கிறவள், அம்மாவின் கையெழுத்தைக் கொண்டுவந்தாள். பழைய மளிகைச் சீட்டில் இருந்த கையெழுத்து. மேலே அரைக் கைச் சட்டை மறைக்கும் இடமாகப் பார்த்துக் குத்தச் சொன்னாள். நான் அந்தச் சீட்டை இரண்டு படி எடுத்து, அசலை உறையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். "பத்திரமா வச்சுக்கோ" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 16

மூன்றாவது உட்கார்வு முடிந்தது. உடல், செதில்கள். ஒவ்வொரு செதிலுக்கும் நிழல். வலிக்கு இப்போது பழகிவிட்டேன், படுத்துக்கொண்டே மத்தியானச் சமையலை யோசிக்கிறேன். அவர் வேலை செய்யும்போது பேசுவதில்லை. மூச்சு மட்டும் முதுகில் படுகிறது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்ததில்லை.

ஜூலை 19

போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் ஊசி எண் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பழசு ஒரு புள்ளி தெரிஞ்சாலும் மார்க்கைக் கொறச்சிருவாவளாம். ஆமா, ஒரு புள்ளி."

இதை என்னிடம் அவர் சொல்லவில்லை. சொல்ல மறந்திருப்பார். கால்களைக் கொடிக்குள் ஒரு பூ மாதிரி, புதுப்படத்தின் பாகமாகவே காட்டிவிட வழி இருக்கும். அவருக்குத் தெரியாத வித்தையா?

ஜூலை 31

நான்காவது உட்கார்வு. யாளியின் கால்கள்.

வலது கால் முதலில். பிறகு சாப்பிட்டோம். பிறகு இடது பக்கம் வந்தார். எனக்கு என் முதுகு கண்ணுக்குத் தெரியாதே தவிர, ஊசி எங்கே ஓடுகிறது என்பது விரல் நுனியில் ஓடுவது போலத் தெரியும். இடுப்புக்கு மேலே, விலாவுக்கு உள்ளே. அங்கே தடித்த தோல், மற்ற இடத்தை விட மரத்துப் போயிருக்கும். அங்கே ஊசி வந்தால் வலி வேறு மாதிரி இருக்கும், ஆழத்தில் எங்கோ கேட்கிற மாதிரி.

"எங்க குத்துதிய?"

"ஓரத்துல நெழல் போடுதேன். ஆடாத."

ஆடவில்லை. நிழலுக்கு அகல ஊசி. ஒரே இடத்தில் வட்டம் வட்டமாக வெகுநேரம் சுற்றியது. இடையில் இரண்டு தரம் மை ஊற்றிக்கொண்டார். வழக்கமாக ரேடியோ வைக்கிறவர் இன்று வைக்கவில்லை.

ஆகஸ்டு 1

ஓரமாகத்தான் இருக்கும்.

ஆகஸ்டு 4

அத்தை முதுகு கழுவினார். மேலிருந்து கீழே வந்த கை இடது பக்கம் வந்ததும் நின்றது. வெந்நீர் துணியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல தாயி. தோல் உரியுது."

அத்தை என்னைத் தாயி என்று கூப்பிட்டது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு. அதற்குப் பிறகு இன்றுதான்.

ஆகஸ்டு 7

விரல் தானாக அங்கே போகிறது. எங்கும் பொருக்காக இருப்பதால் ஒன்றும் புலப்படவில்லை. பொருக்கைப் பிய்த்தால் மை போய்விடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் புத்தி சொல்லி அனுப்புகிறேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்டு 13

பீரோவின் போர்வையை எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அவர் கடையில் இருக்கிறார், அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார். பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அதுவும் இல்லாமல், மேடையில் முதல் தடவையாகப் பார்ப்பது போல நடிக்க எனக்கு வராது.

இன்று பொருக்கு எல்லாம் உதிர்ந்துவிட்டது. தடவிப் பார்க்காமல் கையை முன்னால்தான் வைத்திருந்தேன்.

ஆகஸ்டு 25, சென்னை

பெரிய மண்டபம். உள்ளே நுழைந்ததும் நூறு மெஷின் ஒன்றாக ஓடுகிற சத்தம், ஈக்கூட்டம் மாதிரி. கழுத்திலும் மண்டையிலும் குத்திய ஆண்கள், பெண்கள். காதுக்குப் பின்னால் பூ, கன்னத்தில் எழுத்து. எவ்வளவு அழகாகக் குத்துகிறார்கள், மனிதத் தோலில் இதெல்லாம் முடியுமா என்று இருந்தது. ஒருவர் காலில் மழை பெய்வதையே வரைந்திருந்தார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். இதை எழுதாவிட்டால் பொய் எழுதியதாகிவிடும்.

கவர்-அப் பிரிவு மத்தியானம். எங்களை முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். முன்பக்கம் சேலையால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். நடுவர்கள் டார்ச் அடித்து ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் முதுகில் வெளிச்சம் வெகுநேரம் நின்றது. மும்பைக்காரர் ஒருவர் இடது பக்கத்தைத் தொட்டு, இந்தக் கறுப்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது எனக்குப் புரிந்தது.

பிறகு திரையில் முந்தைய படத்தைப் போட்டார்கள். கூட்டம் சிரித்தது. முதுகைக் காட்டி நிற்கிறவளுக்குச் சிரிப்பு இரண்டு மடங்காகக் கேட்கும்.

"யாரு பாஸ் இந்த வேலையப் பாத்தது?" என்று மைக்கில் கேட்டார் அறிவிப்பாளர்.

இவர் சொன்னார், "தெரியல சார். கல்யாணத்துக்கு முந்தி ஏதோ திருவிழாவுல குத்திருக்காங்க. யாரோ கத்துக்குட்டி."

மறுபடியும் சிரிப்பு. எங்களுக்கு முதல் பரிசு.

அதற்குப் பிறகு கண்ணாடி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் ஆளுயரக் கண்ணாடியைப் பிடித்தார்கள். மூன்று பக்கமும் கேமரா. யாளி நின்றது. உயிரோடு நின்றது, மூச்சு விட்டால் அதுவும் விட்டது. இடது கால் ஊன்றியிருக்கும் இடத்தில் தாளில் பார்த்த வெற்றிடம் இல்லை, கொடியும் இல்லை. நகம் நீண்ட ஒரு பாதம், அதற்கு அடியில் கிணறு மாதிரி கறுப்பு.

வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணீர் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவர் என் தோளில் கை போட்டார், கேமராவுக்காகச் சிரித்தார்.

ஆகஸ்டு 27

நேற்றுப் பகல் வண்டியில் திரும்பினோம். எதிர் சீட்டில் ஒரு குடும்பம் இருந்தது, அவர்கள் திருச்சியில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தேன். பரிசுக் கோப்பை அவர் மடியில் இருந்தது.

"தொட மாட்டேன்னு சொன்னிய."

"விட்டா கவர்-அப்பே இல்ல கனி. ஒரு புள்ளி தெரிஞ்சா..."

"போட்டிக்காக இல்ல."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சி தாண்டி ஏதோ ஒரு பாலம் போனது, ஆற்றில் தண்ணீர் இல்லை.

"சரி, போட்டிக்காக இல்ல" என்றார். "அது காலு மாதிரியா இருந்துச்சு? ரெண்டு கறை. எங்கிட்ட வாரவன் அப்படிக் குத்தியிருந்தா நானே துப்புவேன். என் புள்ளைக்கு நான் குத்துனது அது. அந்தத் தாளையும் கரைச்சு, கோட்டையும் கெடுத்து. நீ சேலை மாத்தும்போது, குளிச்சிட்டு வரும்போது, திரும்பிப் படுக்கும்போது. உனக்கென்ன, உன் முதுகு உனக்குத் தெரியாது. ஒம்பது வருசமா அதைப் பாத்துட்டுக் கெடந்தது நான்."

"நீங்க பாக்கணும்னுதான் அங்ஙன குத்தச் சொன்னேன்" என்றேன்.

இதை அவரிடம் மட்டும் இல்லை, இந்த நோட்டிலும் இதுவரை நான் சொன்னதில்லை. அத்தைக்காக என்றும் ஊர் கேட்கும் என்றும் எழுதிவைத்திருக்கிறேன். அதெல்லாம் சும்மா. புதைத்துவிட்டு வந்து குளித்த கையோடு மனுஷன் சோறு கேட்டார். மறுநாள் பலகை எழுதப் போய்விட்டார். ஒரு நாள் ஒரு வார்த்தை கிடையாது. நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? நான் சுமக்கிறேன், நீ பார், என்றுதான் முதுகைக் கொடுத்தேன். அவர் பார்த்திருக்கிறார். ஒரு நாள் விடாமல் பார்த்திருக்கிறார். எனக்கு அது நேற்று அந்த ரயிலில்தான் தெரியும், அவர் அழித்த பிறகு.

இரக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். வரவில்லை. என்னைக் கேட்டிருக்கலாம். பார்க்க முடியவில்லை என்று ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதிருப்போம். குப்புறப் படுக்க வைத்து, ஆடாதே என்று சொல்லி, நிழல் என்று பொய் சொல்லி எடுத்துக்கொண்டார்.

மணப்பாறையில் டீ வந்தது. வேண்டுமா என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன்.

ஆகஸ்டு 30

வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. புருஷன் கொடுத்த பரிசைப் பார்த்து மனைவி ஆனந்தக் கண்ணீர் என்று தலைப்பு. இப்படி ஒரு கணவன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருக்கிறார்கள். என் சொந்தச் சித்தி மகளும் எழுதியிருக்கிறாள். எல்லாருக்கும் நன்றி என்று கடையின் பெயரில் பதில் போட்டேன். அதுவும் என் வேலைதான்.

செப்டம்பர் 5

வெள்ளிக்கிழமை. அத்தை எண்ணெய் தேய்த்துவிட்டார். முதுகுக்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்துக்கொண்டார்.

"நீங்க அன்னைக்கே பாத்திய, சொல்லலை" என்றேன்.

"சொல்லி? உள்ள போன மையப் புடுங்கவா முடியும்?"

கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு, "நானும் தொட்டுப் பாத்துக்கிட்டுதாம்ட்டி இருந்தேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. ஒனக்கு எண்ணெ தேய்க்கப் பிந்துனா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார்.

இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கால்களோடுதான் இருந்திருக்கிறோம், ஆளுக்கொரு மூலையில். எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. அத்தையின் கையைத் தட்டிவிட்டு எழுந்து குளிக்கப் போனேன். பிறகு அது தப்பு என்று பட்டது. திரும்பிப் போகவில்லை.

செப்டம்பர் 13

கடைக்குக் கூட்டம் வருகிறது. மதுரை, நாகர்கோவில் என்று எங்கிருந்தெல்லாமோ. கவர்-அப் என்றால் இப்போது இவர்தான்.

இன்று இரண்டு பெரிய பிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். பழைய முதுகு ஒன்று, யாளி ஒன்று. ஒரு காலத்தில் பிளெக்ஸ் என்றாலே காறித் துப்புவார். வரவேற்பறைச் சுவரில், என் மேசைக்கு நேர் எதிரே மாட்டினார். முந்தையது இல்லாவிட்டால் பிந்தையதற்கு மதிப்பில்லையாம், எல்லாக் கடையிலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள். மாட்டும்போது என் பக்கம் திரும்பவில்லை. "வேண்டாம்னா எடுத்துருதேன்" என்று சுவரிடம் சொன்னார்.

எடுக்க வேண்டாம் என்றேன்.

அவர் உள்ளே போன பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அதை நேருக்கு நேர் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடியில் இல்லை, கழுத்தை முறுக்கி இல்லை. விளக்கைச் சாய்த்து வைத்ததால் ஒவ்வொரு விரலும் தெரிகிறது. வலது கால் சுண்டுவிரல் கொஞ்சம் உள்ளே மடிந்திருக்கிறது, எனக்கு இருப்பது போல. அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

பிளெக்ஸ் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். எல்லாம் பெரிதாகியிருக்கிறது. என் கையை விரித்து அந்தக் கால் மேல் வைத்தேன். கை முழுசும் நிறைந்து விரல் நுனியைத் தாண்டிப் போனது. நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் கால் அவ்வளவு இருக்கும். இப்போது இருந்திருந்தால் நாலாம் வகுப்புதான்.

செப்டம்பர் 20

காலையில் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் யாரோ ஒரு பையன் பெயர், அதை மூட வேண்டும். முகத்தில் பூசியிருந்த மஞ்சள் இன்னும் போகவில்லை, ஏதோ கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறாள். உள்ளே இவர் வேறொருவருக்குக் குத்திக்கொண்டிருந்ததால் உட்காரச் சொன்னேன். சும்மா இருக்க முடியாமல் பிளெக்ஸ் முன்னால் போய் நின்றாள். வருகிறவர்கள் எல்லாரும் நிற்பார்கள். சிரிப்பார்கள், ரோஜாவைக் காட்டுவார்கள், மீனைக் காட்டுவார்கள். இத்தனை நாளும் நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிடுவேன்.

"அக்கா, இது மீனா? செம காமெடிக்கா. கீழ என்னது இது, ரெண்டு கறை மாதிரி? மை கொட்டிருச்சா?"

"எம் மக காலு" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வேடிக்கை பண்ணுகிறேனா என்று முகத்தில் தேடினாள். பிறகு பிளெக்ஸைப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள்.

"எத்தனை வயசுக்கா?"

"பொறக்கும்போதே போயிட்டா. குத்துனது உள்ள இருக்கவருதான், அவ அப்பா."

கண்ணாடிக் கதவு பாதி திறந்துதான் இருந்தது. உள்ளே மெஷின் சத்தம் நின்றது. குத்திக்கொள்ள வந்து படுத்திருந்த ஆள் என்ன ஆச்சு என்று அவரிடம் கேட்டது காதில் விழுந்தது. அந்தப் பெண் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளுடைய பெயரையும் செல் நம்பரையும் எழுதிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து மெஷின் மறுபடியும் ஓடியது.